உகே மாதப்பாவும் பிராவோவும்

அன்புள்ள அக்காவுக்கு,

கௌதள்ளிக்காரன் ஈஸ்ட் ஹாமிலிருந்து எழுதிக்கொண்டது.

போன கடிதத்தைப் படித்த மாமா, அதில் 'நான்' என்கிற சொல் முப்பத்தேழு இடத்தில் வந்திருக்கிறது என்று பென்சிலால் சுழித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். வெளிநாடு போனவனுக்கு வயிற்றுக்கு முன்னால் பெருப்பது 'நான்'தான் என்று தீர்ப்பும் சொன்னாராம். சரி. இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லுக்குக் கதவடைப்பு. கௌதள்ளிக்காரன் என்று ஒருவன் லண்டனில் இருக்கிறான், இன்னது பார்த்தான், இன்ன இடத்தில் அசடு வழிந்தான் என்று பத்திரிகைக்காரன் மாதிரி எழுதியிருக்கிறது. மாமா பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும்.

கௌதள்ளி என்றால் இங்கே ஒருவருக்கும் விளங்குவதில்லை. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு மளிகைக் கடை. "எந்த ஊர் தம்பி?" என்பார் கடைக்காரர். கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ரோட்டில் என்று சொன்னால் முகத்தில் அசைவு இருக்காது. மைசூர் ஜில்லா என்றால் மைசூர்பாகு ஞாபகம் வந்து கொஞ்சம் மலரும். 1997-ல் சாமராஜநகர் தனி ஜில்லாவாகப் பிரிந்து நம்மை அழைத்துக்கொண்டு போய்விட்டதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மைசூர்பாகும் போய்விடும். கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. வீரப்பன் பிறந்த கோபிநத்தம் நம் ஹனூர் தாலுகா. அதைச் சொன்ன நாளிலிருந்து கருவேப்பிலைக்குக் காசு வாங்குவதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு பாலே பைத்தியம் எப்படிப் பிடித்தது என்றுதானே கேட்டாய். ஜலதோஷத்தால் பிடித்தது.

2018 நவம்பர். ஆபீஸில் பக்கத்து மேஜை வெள்ளைக்கார அம்மாளுக்கு இருமல். பாலே அரங்கில் இருமினால் சுற்றி இருக்கிறவர்கள் கண்ணாலேயே சுட்டுவிடுவார்கள் என்று பயந்து, வைத்திருந்த டிக்கெட்டை கௌதள்ளிக்காரனிடம் கொடுத்துவிட்டார். "உங்கள் நாட்டுக் கதைதான், கோவிலில் ஆடுகிற பெண்ணைப் பற்றியது" என்று சிபாரிசு வேறு. இடம், கவன்ட் கார்டனில் ராயல் ஓபரா ஹவுஸ். அந்த ரயில் நிலையத்தில் லிஃப்டுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்தான். மாதேஸ்வரன் மலை ஏறினவனுக்கு இந்தப் படிக்கட்டா பெரிது என்று ஏறத் தொடங்கினான். சுழல் படிக்கட்டு, மொத்தம் 193 படி, பதினைந்து மாடி ஏறுவதற்குச் சமம் என்று கீழேயே எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அவன் படித்தது அடுத்த தடவை போனபோது.

மூச்சு வாங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தால் மறுபடியும் உச்சி. அரங்கில் 2,256 இருக்கை என்கிறார்கள். அவனுக்கு வாய்த்த இடத்திலிருந்து பார்த்தால் ஆடுகிறவர்களின் தலை வகிடு தெரியும், முகம் தெரியாது.

அன்றைக்குப் போட்டது 'லா பயடேர்'. ரஷ்ய ராஜாங்கத்தில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் மாரியுஸ் பெட்டிபா 1877-ல் பீட்டர்ஸ்பர்கில் அமைத்தது, சங்கீதம் மின்குஸ். திரை விலகியதும் நடுவில் ஒரு தீ. அதைச் சுற்றி அரை ஆடையோடு பக்கிரிகள் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளுகிறார்கள். இந்துக் கோவிலில் பக்கிரிகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். நாயகி பெயர் நிக்கியா, வீரன் பெயர் சோலோர், ராஜா மகள் பெயர் கம்சாத்தி. நம் தாலுகா வாக்காளர் பட்டியலை எந்த மூலையில் தேடினாலும் இந்த மூன்று பெயரும் கிடைக்காது. ராஜாவுக்குத் துக்மந்தா என்று பெயர். துஷ்யந்தன் பனியில் அவ்வளவு தூரம் போனால் பெயர் அப்படித்தான் விறைத்துப்போகும்.

பிறகு புலி வந்தது. அதாவது, வேட்டைக்குப் போனவர்கள் ஒரு புலிப் பொம்மையைக் கொண்டு வந்து சேர்த்தார்கள். கால் நான்கும் மேலே, தலை கீழே. மாதேஸ்வரன் ஏறி உட்கார்ந்து எழுபத்தேழு மலையும் சுற்றுகிற வாகனத்தை இந்தக் கோலத்தில் பார்க்க கௌதள்ளிக்காரனுக்கு மனசு கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டான். பக்கத்து இருக்கைக் கிழவர் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பல்வலியா என்று சைகையில் விசாரித்தார்.

ராஜா மகள் அனுப்பிய பூக்கூடையில் பாம்பு. நிக்கியா செத்துப்போனாள். சோலோருக்குத் துக்கம் தாங்காமல் அபினிப் புகை. இதெல்லாம் நடக்கிறபோது, பஸ் எத்தனை மணிக்கு என்ற யோசனையில்தான் அவன் இருந்தான். அந்தச் சமயத்தில் மேடை இருண்டு, மறுபடி வெளுத்து, ஒரு சரிவுப் பாதையில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண் வந்தாள். ஒரு காலைப் பின்னால் நீட்டி முன்னால் சாய்ந்தாள், நிமிர்ந்து வளைந்தாள், இரண்டு அடி வைத்தாள். பின்னாலேயே இன்னொருத்தி, அதே சாய்வு, அதே வளைவு. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. மொத்தம் இருபத்துநான்கு பேர். முதலில் வந்தவள் அதே அடவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி மேடை முழுக்கப் பாம்பு மாதிரி நெளிந்து போகிறாள். அவன் ஒன்பது வரை எண்ணினான். அதற்கு மேல் எண்ண மறந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மூன்று மணி நேரத்தில் அவனை அசைத்தது அந்த ஒரு கட்டம். அதில் புலி இல்லை, பக்கிரி இல்லை, ராஜா இல்லை. இந்தியா என்று அவர்கள் நினைத்த சாமானெல்லாம் மேடையை விட்டுப் போன பிறகுதான் அவனுக்கு ஊர் ஞாபகம் வந்தது.

பெட்டிபா இந்தியாவுக்கு வந்தவரில்லை. ஆனால் ஐரோப்பா நிஜமான கோவில் ஆட்டக்காரிகளைப் பார்க்காமல் இல்லை, அக்கா. 1838-ல் கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தாசிகளையும் மூன்று பக்கவாத்தியக்காரர்களையும் தார்திவேல் என்ற பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதிக் கப்பலேற்றிக்கொண்டு போனார். பெயரில் வேல் இருக்கிறதே என்று நம் ஆளாக நினைத்துவிடாதே. பாரீஸில் ஆகஸ்டில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டன் அடெல்ஃபி தியேட்டரில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பார்த்து மயங்கி, தெயோஃபில் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார். ஒரு சிற்பி அம்மணியை வெண்கலத்தில் வடித்தார். அந்தக் கோத்தியேதான் மூன்று வருஷம் கழித்து, 1841-ல், 'ஜிசெல்' என்ற பாலேவுக்குக் கதை எழுதியவர். இன்றைக்கும் உலகத்தில் பாலே அரங்கு இருக்கிற ஊரிலெல்லாம் ஜிசெல் ஆடுகிறார்கள். அம்மணி பெயரைச் சொன்னால் கடலூரிலேயே முழிப்பார்கள்.

அடெல்ஃபி இப்போதும் ஸ்ட்ராண்ட் தெருவில் இருக்கிறது. கட்டடம் புதிது, இடம் பழையது. ஓபரா ஹவுஸிலிருந்து பொடிநடையாகப் போனால் ஐந்து நிமிஷம். அந்தப் பக்கம் போகும்போது அவன் ஒரு நொடி நிற்பான். லண்டன் அக்டோபர்க் குளிரில் திருவந்திபுரத்துக் கால்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்ற விசாரம்தான். அவனுக்கே இரண்டு ஜோடி காலுறை வேண்டியிருக்கிறது.

இலவச டிக்கெட் ஒரு தடவைதான் வரும். அடுத்த முறை காசு கொடுக்கப் போனபோது ஒரு ரகசியம் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு நட்கிராக்கர், அன்ன ஏரி என்று பெயர் போனவற்றுக்கு இங்கே கல்யாண சீசன் விலை. புதுசு புதுசாக, கதை கிதை இல்லாமல், குட்டி குட்டியாக மூன்று உருப்படி சேர்த்துப் போடுகிற மாலைக்கு அதே மாடி டிக்கெட் எவ்வளவோ மலிவு. இடையில் இரண்டு இடைவேளை. ஒரு சாப்பாட்டு விலைக்குக் குறைவாக மூன்று பலகாரம் என்று கணக்குப் போட்டான். அக்கா, உன் தம்பி நவீன பாலேவின் ரசிகனானது முழுக்க முழுக்கச் சிக்கனத்தால். மற்ற காரணங்கள் பிற்பாடு சேர்ந்துகொண்டவை.

அதே நவம்பரில் பார்த்த மூன்றில் நடுவில் ஒன்று, 'இன்ஃப்ரா'. வேய்ன் மெக்ரெகர் 2008-ல் அமைத்தது. இந்த மெக்ரெகர் பாலே பள்ளியில் வளர்ந்தவர் கிடையாது. நவீன நடனத்திலிருந்து வந்தவர். 2006-ல் 'குரோமா' என்று ஒன்றைச் செய்து, அதில் ஒயிட் ஸ்டிரைப்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டுகளைப் பெரிய வாத்தியக் கோஷ்டிக்கு மாற்றி எழுத வைத்து, ஓபரா ஹவுஸ் தாத்தாக்களை நிமிர்ந்து உட்கார வைத்தவர். அது நடந்த அதே வருஷம் அவரை ராயல் பாலேவிலேயே நிலையான நடன அமைப்பாளராக உட்கார வைத்துவிட்டார்கள்.

இன்ஃப்ராவில் மேடைக்கு மேலே நீளமான மின்பலகை. அதில் ஜூலியன் ஓபி என்ற ஓவியர் வரைந்த கோட்டு மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், கைப்பையும் பெட்டியுமாக, நம் பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்து நடை. கீழே நிஜ மனிதர்கள் இரண்டு இரண்டு பேராக ஆடுகிறார்கள். உடுப்பு என்று சொல்லச் சாதாரண மேல்சட்டையும் கால்சட்டையும்தான். சங்கீதம் மாக்ஸ் ரிக்டர், அவ்வளவு மெல்லிசு. அந்த மெல்லிசான இடத்தில்தான் நீ அனுப்பிய தட்டை கோட்டுப் பையில் இருந்தது ஞாபகம் வந்தது. பாட்டி செய்முறைத் தட்டை, அரிசி மாவு கொஞ்சம் தூக்கல். வாயில் போட்டுக்கொண்டு மெல்லாமல் ஊற வைத்தால் சத்தம் வராது என்று ஒரு கணக்கு. கணக்குத் தப்பியது. ராயல் ஓபரா ஹவுஸின் ஒலியமைப்பு உலகத்தரம் என்பதை அன்று உச்சி வரிசை முழுவதும் உணர்ந்தது.

வெட்கத்தில் தலை குனிந்து நிமிர்ந்தபோது மேடையில் ஒரு பெண் தனியாக நின்று உடைந்து அழுகிறாள். அவளைச் சுற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு கும்பல் நடந்து கடந்து போகிறது. யாரும் நிற்கவில்லை, திரும்பவில்லை. ஆடவில்லை, வெறும் நடை. 2005 ஜூலையில் இந்த ஊர்ச் சுரங்க ரயிலில் குண்டு வெடித்ததன் நிழல் அதில் இருப்பதாகச் சொல்கிறார்கள். கௌதள்ளிக்காரனுக்கு அந்த விவரம் அப்போது தெரியாது. அப்பா செய்தி வந்த அன்று டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம் வரை அவன் நின்றுகொண்டு வந்த விதம் மட்டும் தெரியும். அந்தப் பெட்டியிலும் ஒருத்தரும் திரும்பவில்லை. அது மரியாதை என்று அவனுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பாட்டி, மைசூரில் நாட்டியக் கலைஞர் வெங்கடலட்சுமம்மா உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பதத்துக்கு அபிநயம் பிடித்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இவர்கள் முகம் பெரிய ஏமாற்றம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவன் முகத்தில்கூட அதைவிட நவரசம் இருக்கும். முதல் நான்கைந்து நிகழ்ச்சியில் முகத்தையே தேடிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு நாள் முதுகைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக அவிழ்ந்து மறுபடி கோத்துக்கொள்வதைப் பார்த்த பிறகு, அபிநயம் முகத்தை விட்டுக் கீழே இறங்கிக் குடியேறியிருக்கிறது என்று பட்டது. பாட்டி இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

எல்லாம் பிடித்தது என்று நினைத்துக்கொள்ளாதே. நவீன பாலேக்காரர்களுக்கு வெளிச்சம் என்றால் ஏனோ ஆகாது. ஒரு உருப்படி முழுக்க மின்வெட்டு நேரத்தில் பக்கத்து வீட்டில் நடக்கிற கல்யாணம் மாதிரியே இருந்தது. யாரோ ஓடுகிறார்கள், யாரையோ தூக்குகிறார்கள், மாப்பிள்ளை யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அதற்கு விளக்கம் எழுதிய புத்தகம் தனி விலை. வாங்கிப் படித்தால் உடல், வெளி, காலம், இன்மை என்று ஒரு பக்கம் ஓடுகிறது. அந்த இருட்டில் அதைப் படிக்கவும் முடியாது. இந்த ரகத்தை அவன் இடைவேளைக்கு முன் தின்கிற வேப்பம்பூப் பச்சடி என்று வைத்துக்கொண்டிருக்கிறான்.

இடைவேளையில் இங்கத்துச் சம்பிரதாயம் ஐஸ்கிரீம். கையளவு டப்பா, மூடிக்குள்ளேயே ஒரு குட்டிக் கரண்டி. வெளியே ஐந்து டிகிரி குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் உள்ளே வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கித் தின்கிறார்கள். இதற்கு எந்தப் புத்தகத்திலும் விளக்கம் இல்லை.

ஜிசெலை அவன் முதன்முதலில் பார்த்தது பழைய கோலத்தில் இல்லை. 2019 செப்டம்பரில் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில், அக்ரம் கான் இங்கிலீஷ் நேஷனல் பாலேவுக்காக மாற்றி அமைத்த ஜிசெல். அக்ரம் கான் லண்டனிலேயே பிறந்த வங்காளதேசக் குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயசிலிருந்து கதக் கற்றவர். மூலக் கதையில் கிராமத்துப் பெண், பிரபு, திராட்சை அறுவடை. கான் 2016-ல் செய்தபோது அதையெல்லாம் எடுத்துவிட்டு, மூடிப்போன துணி ஆலையின் புலம்பெயர்ந்த தொழிலாளிகளை மேடையில் நிறுத்தினார். நடுவில் ஒரு ராட்சதச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளிகள், இந்தப் பக்கம் இவர்கள். இரண்டாம் பாதியில் பேயாக வருகிற பெண்கள் கையில் நீளக் கழிகள், காலில் பாயிண்ட் ஷூ. நுனிக்காலில் பொடி அடி வைத்துப் பின்னால் நகர்ந்து வரும்போது கழுத்து ரோமம் எழுந்து நின்றது. முதல் பாதிக் கூட்ட ஆட்டத்தில் எல்லாரும் காலைத் தரையில் அறைகிற இடத்தில் கதக் அப்படியே தெரிந்தது, சலங்கை மட்டும் இல்லை. அம்மணியைப் பார்த்தவர் எழுதிய கதையை நூற்றெழுபத்தைந்து வருஷம் கழித்து ஒரு கதக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று பஸ்ஸில் வரும்போது அவன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டார்.

இதில் நம் சென்னைக்காரர் ஒருவர் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். ஷோபனா ஜெயசிங், சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக்காரர். 1988-லேயே மைக்கேல் நைமன் என்ற இங்கிலீஷ் இசையமைப்பாளரிடம் நம் தாளக் கணக்கைக் கொடுத்து நான்கு தந்தி வாத்தியத்துக்கு எழுத வைத்து ஆடியவர். 2015-ல் அவர் அந்த லா பயடேரையே கையில் எடுத்து, ஓபரா ஹவுஸின் சின்ன அரங்கில் பதில் சொன்னார். ஆரம்பமே ஓர் இந்திய இளைஞன் அந்த பாலேவைப் பார்த்துவிட்டு ஊரிலிருக்கும் சிநேகிதனுக்குக் கதையைக் கிண்டலாக எழுதுவதுதான். இதைக் கேள்விப்பட்டபோது கௌதள்ளிக்காரனுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவன் அந்த பாலேவைப் பார்ப்பதற்கு மூன்று வருஷம் முந்தியே இந்தக் கடிதத்தை யாரோ மேடையேற்றிவிட்டார்கள்.

இப்போது உகே மாதப்பா விஷயத்துக்கு வரலாம். 2020 மார்ச்சில் அரங்குகளைப் பூட்டினார்கள். அந்த வனவாசத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நீங்களும் அதையேதான் அனுபவித்தீர்கள். திறந்த பிறகு, 2022 ஏப்ரலில் சாட்லர்ஸ் வெல்ஸில் வில்லியம் ஃபார்சைத் அமைத்த இரண்டு உருப்படிகள். இந்த அமெரிக்கர் 1987-ல் பாரீஸ் ஓபராவுக்கு ஒன்று செய்தார். மேடையில் ஒரு ஜோடி பொன் செர்ரிப்பழம் நடுவில், சற்று உயரத்தில் தொங்கவிட்டிருந்ததால் அந்த பாலேவுக்கு 'நடுவில், சற்று உயரத்தில்' என்றே பெயர் வைத்துவிட்டார். பாலேவின் நேர்க்கோட்டைக் கடைசி எல்லை வரை சாய்த்து, இதோ விழுந்தாள் என்று நாம் நினைக்கும்போது நிறுத்துவது அவர் கைவேலை. அன்று போட்ட 'பிளேலிஸ்ட்' அதற்கு நேர்மாறான சந்தோஷம். டிஸ்கோ, பாப் பாட்டுகளுக்கு அச்சு அசல் பாலே அடவுகள். ஆண்கள் வரிசையாக வந்து ஒருத்தனை ஒருத்தன் மிஞ்சித் தாவுகிறார்கள், காற்றில் கால்களை இரண்டு மூன்று தரம் வெட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். இருமினாலே முறைக்கிற லண்டன்காரர்கள் விசில் அடித்தார்கள்.

கௌதள்ளிக்காரனுக்கு அது எங்கே கொண்டு போயிற்று என்று நீ ஊகித்திருப்பாய். சிவராத்திரிக்கு மாதேஸ்வரனை 'உகே மாதப்பா' என்று வாழ்த்திக்கொண்டு நம் வாசலில் வந்து நிற்கிற கம்சாளேக்காரர்கள். இடது உள்ளங்கையில் கிண்ணம் மாதிரி வெண்கலத் தாளம், வலது கையில் கயிற்றில் கட்டிய தட்டையான இன்னொன்று. அதைச் சுழற்றித் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே, குந்தி, குதித்து, எங்கே போனாலும் அடி தாளத்தில் வந்து விழும். பீசு கம்சாளேயில் ஒருத்தன் ஒரு வித்தை காட்டினால் அடுத்தவன் அதைவிட ஒரு சுற்று அதிகம் சுற்றுவான். இருவரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிப்பார்கள். பக்தியும் போட்டியும் ஒரே வியர்வையில் இருக்கும். சாட்லர்ஸ் வெல்ஸ் மேடையில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. கோவில் கட்டி, தீ மூட்டி, புலி தூக்கி வந்த காட்சிகளில் கிடைக்காத ஊர், ஊதாச் சட்டை போட்ட பையன்கள் டிஸ்கோவுக்குத் தாவியபோது வாசலில் வந்து நின்றது.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து "பிராவோ" என்றார்கள். அவன் வாயில் வந்தது வேறு. "உகே..." என்று ஆரம்பித்து, சுதாரித்து, மீதியை இருமலாக மாற்றினான். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து இருமல் மிட்டாய் ஒன்று கொடுத்தார். மாதப்பன் பிரசாதம் என்று வாங்கிக்கொண்டான்.

வீட்டுக்கார அக்காவை அழைத்துப் போனதைச் சொல்லாமல் விட்டால் கடிதம் முடியாது. யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் வந்தவர், மாடியறையை வாடகைக்கு விட்டு வேளைக்கு ஒரு புட்டும் தருகிறவர். 2019 மே மாதம் ஒரு மூன்று உருப்படி மாலை. கதை ஒன்றும் கிடையாது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப் போனான். முதல் இரண்டில் அவர் பொன் உடுப்புகளுக்கு என்ன விலை இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது 'ஃப்ளைட் பேட்டர்ன்', கனடாக்காரர் கிரிஸ்டல் பைட் 2017-ல் அமைத்தது. ராயல் பாலேவின் பெரிய மேடைக்கு ஒரு பெண் புது பாலே அமைத்துப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்ததாம், அதற்கு முன்னால். கோரெட்ஸ்கியின் துயரப் பாடல்கள் சிம்பொனி, அடிமட்டத்துத் தந்திகளிலிருந்து கிணற்றுத் தண்ணீர் ஊறுகிற மாதிரி மெல்ல மேலே ஏறுகிறது. முப்பத்தாறு பேர் சாம்பல் நிறக் கோட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் ஓர் அடி, நிற்பது, பின்னால் சாய்வது, அண்ணாந்து பார்ப்பது. கோட்டுகளைக் கழற்றி மடிக்கிறார்கள், விரிக்கிறார்கள், தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள். ஒரு பெண்ணின் கையில் ஒவ்வொருவராகத் தங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே போகிறார்கள், அவள் குனிந்துகொண்டே வருகிறாள்.

விளக்கு வந்த பிறகு வீட்டுக்கார அக்கா கொஞ்ச நேரம் எழவில்லை.

"கதை ஒண்டும் இல்லையெண்டு சொன்னீர், தம்பி."

"இல்லைதான் அக்கா. புத்தகத்தில்கூடப் போடவில்லை."

"எனக்குத் தெரிஞ்ச கதைதான்" என்றார். கைப்பையைத் தேடி எடுத்தார். மாடிப்படி இறங்கும்போது, "ஆனா ஒண்டு, கோட்டெல்லாம் நல்ல துணி. ஹீத்ரோவில எங்களுக்கு ஒருத்தரும் இப்பிடித் தரேல்லை" என்றார். ரயில் நிலையத்தில் அன்று லிஃப்டில்தான் இறங்கினார்கள்.

பாப்பா கேட்ட ரோஸ் கலர் பாயிண்ட் ஷூவைப் பற்றி. செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் ஃப்ரீட் என்று ஒரு கடை, 1929-லிருந்து இருக்கிறது. போய் விசாரித்தான். மரம் எதுவும் உள்ளே கிடையாது. சாக்குத்துணி, காகிதம், பசை, மேலே சாட்டின். கையால் செய்கிறார்கள், செய்தவர் அடியில் தன் அடையாளத்தைக் குத்தி வைக்கிறார், ஆடுகிறவர்கள் ஆயுசு முழுக்க ஒரே ஆளின் அடையாளத்தைத் தேடி வாங்குகிறார்கள். அப்படி வாங்கியது பெரிய ஆட்டக்காரிக்கு ஒரே ராத்திரியில் தொய்ந்துவிடுமாம். நம் கொள்ளேகால் பட்டுக்காரர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

பாப்பாவிடம் பக்குவமாகச் சொல். எலும்பு முற்றுகிற வயசு வரவேண்டும், அதற்கு முன்னால் சில வருஷம் சாதாரண ஷூவில் பயிற்சி வேண்டும். அதுவரை நுனிக்காலில் நிற்க விடமாட்டார்கள். நீ கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பினாய். செருப்பு வாங்க அது போதும், இதற்குப் போதாது. கால் நேரில் கடைக்கு வர வேண்டும் என்கிறார்கள். ஆகவே அவளுக்கு வயசும், உன் தம்பிக்கு விமான டிக்கெட் காசும் சேருகிறவரை பொறுக்கட்டும்.

கலர் விஷயம் மட்டும் இப்போதே கேட்டு எழுது. அந்த ரோஸ், வெள்ளைக்காரத் தோலுக்கு ஒட்டினது போல இருக்க வேண்டும் என்று வந்தது. கறுப்பு, மாநிறப் பெண்கள் இத்தனை வருஷமும் முகப்பூச்சைக் குழைத்து ஒவ்வொரு ஜோடிக்கும் சாயம் பூசிக்கொண்டுதான் ஆடியிருக்கிறார்கள். 2018-ல்தான் பாலே பிளாக் என்ற இங்கத்துக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் பழுப்பு நிறத்திலும் செய்ய ஆரம்பித்தது. கடைக்காரம்மா எடுத்துக் காட்டினார். கௌதள்ளிக்காரன் தன் முன்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பாப்பா அவனைவிட ஒரு சாயல் வெளுப்பு, இல்லையா? வெயிலில் நிறுத்திப் பார்த்து எழுது.

மாமாவுக்கு நமஸ்காரம். பென்சிலை உள்ளே வைக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி